புழுவின் நோயும் பசுவின் நோயும்

தாம்பரத்திற்குத் தெற்கே செங்கற்பட்டு வரையுள்ள சிற்றூர்களில் நிலக்கடலை பயிரிடுவோர் பலர் கறவை மாடும் வைத்திருப்பர். கடலையைப் புரொடீனியாப் புழு தின்கிறது. மாட்டைக் கோமாரி வாட்டுகிறது. புழுவைக் கொல்ல என்.பி.வி. என்னும் வைரஸைத் தெளிக்கலாம் என்று கூறினால், "கோமாரியும் வைரஸ் நோய்தானே? தெளித்த கொடியை மாடு தின்றால் என்னாகும்?" என்று உழவர் ஐயுறுவது இயல்பே. இதற்கு விடை அவ்விரு கிருமிகளின் அமைப்பிலேயே உள்ளது.

அளவும் வடிவமும்

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு நானோமீட்டர் ஆகும். கோமாரி வைரஸ் ஏறக்குறைய 30 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை, மேலுறை அற்றது. புழுவின் வைரஸோ சிறு கோல் வடிவினது. அத்தகைய கோல்கள் பல, புரதத்தாலான பளிங்கு போன்ற மணிக்குள் பொதிந்து கிடக்கின்றன. இம்மணி ஆயிரம் நானோமீட்டருக்கு மேலும் பருத்திருப்பதால் சாதாரண நுண்பெருக்கியிலேயே தென்படும். கோமாரி வைரஸைக் காண மின்னணு நுண்பெருக்கி வேண்டும்.

காரமும் அமிலமும்

புழுவின் குடல் மிகுந்த காரத்தன்மை உடையது. இலையுடன் உள்ளே சென்ற மணி அங்கே கரைகிறது. கோல்கள் வெளிப்பட்டுக் குடலைத் தாக்குகின்றன. சில நாட்களில் புழு தலைகீழாகத் தொங்கி மடிகிறது. மாட்டின் இரைப்பையிலும் மனிதனின் இரைப்பையிலும் சுரப்பது அமிலம். அங்கே இம்மணி கரைவதில்லை. கரைந்தாலும், பாலூட்டிகளின் உயிரணுக்களில் இவ்வைரஸ் பெருகுவதில்லை.

கோமாரி வைரஸின் இயல்பு வேறு. அதற்குக் காக்கும் மணி இல்லை. அமிலமும் காரமும் அதனை அழிக்கும். ஆகவே 10 லிட்டர் நீரில் 400 கிராம் சலவைச் சோடா கரைத்துத் தொழுவத்தைக் கழுவுவது பயன் தரும். புழுவின் மணியைத் திறக்கும் அதே காரத்தன்மை, கோமாரிக் கிருமிக்கு எமனாகிறது!

செய்ய வேண்டுவன

வெயில் புழு வைரஸை விரைவில் செயலிழக்கச் செய்யும். ஆதலின் மாலை வேளையில், புழுக்கள் சிறியனவாக இருக்கும்போதே, ஹெக்டேருக்கு 250 புழுச் சமானம் என்னும் அளவில் தெளித்தல் வேண்டும். கரைசலில் சிறிது வெல்லம் சேர்ப்பது நலம்.

கோமாரிக்கோ தடுப்பூசியே காப்பு. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஆறு மாதத்திற்கு ஒருமுறை அது இலவசமாகப் போடப்படுகிறது. ஒரு மாடு விடுபட்டாலும் ஊருக்கே இடர் வரலாம். ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் முகாம் நாளை முன்னதாகவே அறிவித்து, எல்லா மாடுகளும் வரச் செய்வார்களாக. ஐயம் எழுமாயின் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கேட்டறியலாம்.

வைரஸ் என்னும் பெயர் ஒன்றே. ஆயினும் ஒன்று வயலுக்குத் துணை, மற்றொன்று தொழுவத்திற்குப் பகை. இவ்வேற்றுமையை அறிந்தவர் வீணே அஞ்சார். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமலும் இரார்.