சோறு இருக்கு, விலாசம் இல்லை



எங்கள் கிளை சார்பில் ஒரு சனிக்கிழமை இரவு ஜொகூர் பாரு நகரில் உணவுப் பொட்டலம் கொடுக்கப் போனோம். அடைத்த கடையின் அஞ்சடியில் படுத்திருந்த ஓர் அண்ணன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "தம்பி, சோறு யாராச்சும் கொடுத்துடுறாங்க. வேலைக்கு மனு போடணும். பாரத்துல எழுத ஒரு விலாசம் கிடைக்குமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விதான் இந்த மாதப் பாடம்.

வீடு ஓர் உரிமையா?

1948-இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆம் பிரிவு உணவு, உடை, மருத்துவத்தோடு வீட்டையும் சேர்த்தே சொல்கிறது. 1991-இல் ஐ.நா. குழு ஒன்று இதை இன்னும் விளக்கியது. வெறும் கூரை வீடாகாது. திடீரென்று வெளியேற்ற முடியாத பாதுகாப்பு, கட்டுப்படியாகும் செலவு, தண்ணீர் வசதி, வேலைக்குப் போய்வர ஏற்ற இடம் என ஏழு அம்சங்கள் வேண்டும் என்றது.

நமக்குத் தெரிந்த கதை

இது எங்கேயோ நடக்கும் விஷயம் இல்லை. நம் தாத்தா பாட்டி இருந்த லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டம் கைமாறி வேலை போனால் கூரையும் போச்சு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோதும் இதே கதைதான். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நம் ஆட்கள் ஒரே இரவில் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. சிலர் கிராஞ்சி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெளியே படுத்தார்கள். சம்பளம் இருந்தும் தலை சாய்க்க இடமில்லை. சோம்பேறிதான் தெருவில் படுப்பான் என்று இனியும் சொல்லலாமா?

சேலத்துக்காரரின் வழக்கு

சேலம் மாவட்டத்து நிலமில்லாத தொழிலாளி ஒருவர் பஞ்சத்தில் 1961-இல் பம்பாய் போய், நடைபாதையில் குடிசை போட்டார். 1981-இல் அதிகாரிகள் குடிசையை இடித்து, குடும்பத்தைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். வேலை தேடி அவர் மறுபடியும் பம்பாய்க்கே வந்து வழக்குப் போட்டார். 1985-இல் இந்திய உச்ச நீதிமன்றம், வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்றது. ஆனால் முறைப்படி அகற்றுவதைத் தடுக்கவில்லை. மழைக்காலம் முடியும்வரை மட்டும் பொறுக்கச் சொன்னது. தீர்ப்பு பெரியது, கிடைத்த இடம் சின்னது.

நம் நாட்டில்

இங்கே 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் இருக்கிறது. அதன்படி சமூகநல அதிகாரி ஒருவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். மாஜிஸ்திரேட் அவரை நல இல்லத்தில் மூன்று ஆண்டுவரை தங்கச் சொல்லலாம். ஜொகூரில் மெர்சிங்கில் இருக்கும் டேசா பினா டிரி அப்படிப்பட்ட இல்லம். பசி, மழையிலிருந்து அது காப்பாற்றும். ஆனால் அஞ்சடி அண்ணன் கேட்டது வேலைக்குப் போகும் வழி.

நம் தர்மம்

1867-இல் வள்ளலார் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. அன்னதானத்தை நாம் விடக்கூடாது. ஆனால் தானம் கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. உரிமை அப்படி இல்லை, கேட்பவர் தலை குனிய வேண்டியதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கிளைச் செயலாளர் வீட்டு விலாசத்தைக் கொடுக்கலாமா என்று கூட்டம் போட்டுப் பேசி முடிவெடுக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. போய்ப் பார்த்தபோது அந்த அண்ணன் அங்கே இல்லை. பொட்டலம் கட்ட எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

இப்போது பொட்டலத்தோடு ஒரு நோட்டும் கொண்டு போகிறோம். ஐசி தொலைந்ததா, மனு எழுதணுமா, கடிதம் வர விலாசம் வேணுமா என்று முதலில் கேட்கிறோம்.

கிளைக் கூட்டத்தில் பேச:

1. உங்கள் குடும்பத்தில் வேலையோடு வீட்டையும் இழந்தவர் உண்டா? அப்போது யார் கை கொடுத்தார்கள்?
2. உங்கள் ஊர்க் கோயில் சோற்றோடு வேறு என்ன கொடுக்க முடியும்?
3. யாராவது உங்கள் விலாசத்தைக் கேட்டால், எத்தனை நாளில் பதில் சொல்வீர்கள்?