அந்தி சாயுமுன் ஒரு மேடை

கட்கி, புனே
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். டிசம்பரில் இந்த ஊரில் ஒரு பெரிய பேண்டுக்கு முன்னால் உங்கள் பேண்ட் வாசிக்கப்போகிறது என்று நேற்று நீ போனில் சொன்னதும் சித்தி அடுப்படியிலிருந்தே கத்திவிட்டாள், பக்கத்து வீட்டு மராத்தி அம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கும் அளவுக்கு. கடைசியில் நீ குரலைத் தாழ்த்தி, "எங்களைக் கேக்கன்னு யாரும் வரமாட்டாங்களே சித்தப்பா" என்றாய். அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்த ஊர் மைதானங்களில் இருபத்தெட்டு வருஷமாக மிக்சருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். எனக்குப் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

நீ சொன்னது சரிதான். உங்களைக் கேட்க யாரும் வரவில்லை. முன்வரிசைத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் இரண்டு மணியிலிருந்தே நிற்பான் பார், அவன் பெரிய பேண்டின் படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட்டில் வந்திருப்பான். இடம் போய்விடும் என்று பயந்து ஒன்றுக்குக்கூடப் போகாமல் நிற்கிறவன். அவனுக்கு நீங்கள் ஒரு இடைஞ்சல். அவனை ஜெயிக்க வேண்டும் என்று ஏறாதே. அவனுக்கு அலுப்புத் தட்டாமல் அரைமணி நேரத்தை நகர்த்திக் கொடுத்தால் போதும். பாதியில் அவன் தலை தானாக ஆட ஆரம்பிக்கும். நான் கன்சோலில் இருந்து பார்ப்பது அந்தத் தலையைத்தான்.

மேடை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பார்த்ததும் திகைக்காதே. சவுண்ட் செக் தலைகீழாக நடக்கும். கடைசியில் வாசிக்கிற பெரிய பேண்டுக்கு முதலில், முதலில் வாசிக்கிற உங்களுக்குக் கடைசியில். நீங்கள் வைத்த சாமான் அப்படியே மேடையில் நிற்கலாமே, அதற்குத்தான். ஆனால் பெரியவர்கள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் அந்த ஒரு மணி உங்கள் கணக்கில்தான் கழியும். கேட் திறக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, "லைன் மட்டும் பாத்துக்கலாம்" என்பார்கள். ஒவ்வொரு மைக்கிலும் ஒரு தட்டு, ஒரு "செக்", அவ்வளவுதான். அதற்குத் தயாராக வா. எத்தனை மைக், எத்தனை லைன், யார் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று ஒரே தாளில் எழுதி ஒரு வாரம் முன்னாலேயே அனுப்பிவிடு. அந்தத் தாள் ஒழுங்காக வந்தாலே எங்களைப் போன்ற ஆட்களுக்கு உங்கள்மேல் மரியாதை வந்துவிடும். பாட்டெல்லாம் அப்புறம்தான்.

அவர்களுடைய டிரம்ஸ் பின்னால் உயரத்தில் கறுப்புத் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும், மூடிவைத்த சப்பரம் மாதிரி. அதைத் தொடக்கூடாது. அதற்கு முன்னால் ஐந்தாறு அடி ஆழத்தில் ஒரு கீற்று இடம் கிடைக்கும். நாலு பேரும் அங்கேதான். உங்கள் டிரம்மர் பையன் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார வேண்டிவரும். வீட்டிலேயே அப்படி உட்கார்ந்து பழகச் சொல். சத்தமும் முழுசாகக் கிடைக்காது. பெரியவர்கள் ஏறும்போது வித்தியாசம் தெரியவேண்டுமே, கொஞ்சம் பிடித்துத்தான் வைப்பார்கள். இதற்காகச் சண்டைக்குப் போன பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிச் சத்தத்தில் ரெண்டு கிடாரும் டிஸ்டார்ஷன் போட்டு அடித்தால் வெளியே கூழாகத்தான் கேட்கும். ஒரு கிடாரை நிறுத்தி வாசிக்கிற பாட்டாகப் பார்த்துப் பொறுக்கு. உன் குரல் தெளிவாகப் போய்ச் சேரும்.

இன்னொன்று, நீங்கள் ஏறும்போது பகல். மேற்கே வெயில் சரிந்து ஒருவேளை உன் கண்ணிலேயே அடிக்கும். லைட் போட்டாலும் ஒன்றும் தெரியாது, புகை விட்டாலும் காற்று கொண்டுபோய்விடும். ட்யூனர் திரையில் எழுத்தே தெரியாமல் போகலாம். டிசம்பரில் இந்த ஊரில் சூரியன் இறங்கியதும் குளிர் சட்டென்று ஏறும், கம்பிகளின் சுருதி நகரும். அதற்கென்று பாட்டுக்குப் பாட்டு நின்று முறுக்கிக்கொண்டிருக்காதே. இரண்டாவது கிடார் ஒன்றைச் சுருதி சேர்த்துப் பக்கத்தில் வை.

இப்போது நேரம். நான் எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான்.

2023 ஏப்ரல் 30 ராத்திரி இங்கே ராஜா பகதூர் மில்ஸ் வளாகத்தில் ரகுமான் கச்சேரி. பத்து மணி தாண்டியதும் போலீஸ் அதிகாரி மேடைக்கே ஏறி வந்து நிறுத்தச் சொன்னார். நாடு முழுக்க அந்த வீடியோ ஓடியது, நீயும் பார்த்திருப்பாய். 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். 1953-இல் பீம்சேன் ஜோஷி தன் குரு நினைவாக இதே ஊரில் ஆரம்பித்த சவாய் கந்தர்வ விழா ஒரு காலத்தில் விடிய விடிய நடந்தது. இந்த விதிக்கு அதுவும் அடங்கத்தான் வேண்டியிருந்தது. ஆக, மேலே பத்து மணி என்று ஒரு சுவர். ரகுமானுக்கே நகராத சுவர். நீங்கள் ஐந்து நிமிஷம் கூட வாசித்தால் அந்த ஐந்து நிமிஷம் பெரிய பேண்டின் கடைசிப் பாட்டிலிருந்துதான் போகும். காசு கொடுத்தவன் கேட்க வந்ததே அந்தக் கடைசிப் பாட்டைத்தான்.

இது எனக்கு எப்படிப் புரிந்தது தெரியுமா? 1989, சங்கரன்கோவில் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழா. நான் மெல்லிசைக் குழுவில் பாங்கோஸ். எங்களுக்கு ஒரு மணி நேரம், அப்புறம் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு சினிமாப் பாடகர். அன்றைக்கு எங்களுக்குக் கைதட்டல் அள்ளியது. "ஒன்ஸ்மோர்" என்று நாலு பேர் கத்தினார்கள், நாங்கள் நாற்பது நிமிஷம் கூட வாசித்தோம். பாடகர் அம்பாசடருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். விடியக்காலை அவருக்கு ரயில். நாலு பாட்டோடு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். எங்களுக்குக் கைதட்டிய அதே ஜனம் எங்கள் வேனை மறித்தது. பேசிய பணத்தில் பாதிதான் மிஞ்சியது. அன்றைக்குக் கை நீட்டி மீதிப் பணத்தைத் திருப்பி வாங்கிய கொடைக்காரர் முகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் காது சுடும்.

அதனால் அரைமணி என்றால் இருபத்தெட்டு நிமிஷத்துக்குப் போடு. ஐந்து பாட்டு. ஆறாவது கையிருப்பில்கூட வேண்டாம், இருந்தால் ஆசை வரும். நடுவில் ஒன்றைத் தூக்கினால் மற்றது உடையாத மாதிரி அடுக்கிக்கொள், சில நாள் அரைமணி இருபது நிமிஷம் ஆகிவிடும். முதல் பாட்டில் பேச்சே வேண்டாம், ஏறினதும் அடி. இரண்டாவது முடிந்ததும் பேண்ட் பேரைச் சொல், கடைசிப் பாட்டுக்கு முன்னால் இன்னொரு தரம். "அவங்களைப் பாக்க ரெடியா?" என்று மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் ஜனம் அவர்கள் பேரைச் சொல்லிக் கூவும், அப்புறம் நிற்காது. மீதி நேரம் அந்தக் கூச்சலுக்குள்தான் நீ பாட வேண்டும்.

அவர்களை மாதிரியே வாசிக்க வேண்டுமா என்று கேட்டாயே. அது நல்ல கேள்வி. 1967-இல் ஹென்ட்ரிக்ஸ், மங்கீஸ் குழுவுக்கு முன்னால் வாசித்தார். மங்கீஸுக்காக வந்த சிறுமிகள் இவருடைய பாட்டுக்கு நடுவில் அவர்கள் பேரைக் கூவினார்கள். சில கச்சேரிகளோடு விலகிவிட்டார். 1981-இல் லாஸ் ஏஞ்சலஸில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் ஏறிய பிரின்ஸ்மேல் கையில் கிடைத்ததை எறிந்தார்கள். மனிதர் ஊருக்கே போய்விட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து மறுபடி ஏறினார். மறுபடியும் எறிந்தார்கள். இதைக் கேட்டால் ஒத்துப்போவதுதான் புத்தி என்று தோன்றும். ஆனால் 2007-இல் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டனுக்கு முன்னால் வாசித்த டெல்லி பரிக்ரமா குழுவில் வயலின் இருந்தது. ஹெவி மெட்டல் ஜனத்துக்கு முன்னால் வயலின்! அதே வருஷம் இங்கிலாந்தில் டவுன்லோட் விழா மேடையிலும் ஏறினார்கள். 2025 ஜனவரி 30 அன்று இங்கே யஷ் லான்ஸில் தன் இந்தியப் பயணத்தை ஆரம்பித்த எட் ஷீரன்கூட 2013-இல் அமெரிக்காவில் டெய்லர் ஸ்விஃப்டுக்கு முன்னால் ஒற்றைக் கிடாரோடு நின்றவர்தான். என் கணக்கு இது: தாளத்தின் வேகம் பெரிய பேண்டோடு ஒத்துப்போகட்டும், நிறம் உன்னுடையதாக இருக்கட்டும். அவர்களுடைய குட்டி நகலாக வாசித்தால், ஒரு மணி நேரத்தில் அசலே வந்து உன்னை அழித்துவிடும். அவர்கள் பாட்டை நீ பாடுவது அதைவிட மோசம். அந்தத் தமிழ்ப் பாட்டை, மூன்றாவதாக வைத்திருக்கிறாயே, எடுக்காதே. புனேக்காரனுக்கு வார்த்தை புரியாது, பறை அடியைப் போல வருகிற அந்த டிரம்ஸ் புரியும்.

முடிந்ததும் மேடையில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். ஐந்து நிமிஷத்தில் ஒயர் எல்லாம் சுற்றி இறங்கிவிடுங்கள். மானிட்டர் பார்க்கிற பையன் பேரைக் கேட்டு வைத்துக்கொண்டு நன்றி சொல். அப்புறம் ஜனத்தோடு நின்று அவர்கள் கச்சேரியை முழுசாகக் கேள், அந்தத் தடுப்புக் கம்பிப் பையன் பக்கத்திலேயே.

இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள், நாலு பேரும் வீட்டில் தங்கலாம். ஸ்வெட்டர் கொண்டு வா, சென்னைக் குளிர் என்று நினைத்து வராதே. கறுப்பு டேப், ஒன்பது வோல்ட் பேட்டரி எல்லாம் நான் வைத்திருக்கிறேன். உன் அப்பாவிடம் நான் எழுதினதைச் சொல்லு, அந்த வேன் கதையைத் தவிர. அவன்தான் அன்றைக்கு எங்கள் குழுவில் "ஒன்ஸ்மோர்" கேட்டதும் முதலில் தலையாட்டினவன்.

உன்
சித்தப்பா