மாசியில் பூத்த பாக் சாய்

மாசியில் மாடித் தோட்டத்தில் விதைத்த பாக் சாய், இலை விரிவதற்குள் பூத்துவிட்டது. எங்கள் ஊரில் வளராதா?
– வாசகி, சோமனூர்

வளரும், மாதம்தான் தப்பு. பாக் சாய் கடுகுக் குடும்பத்துக் கீரை. வெயில் ஏறினால் தண்டை நீட்டிப் பூத்துவிடும். கார்த்திகையில், மழை ஓய்ந்ததும் விதையுங்கள். காலை வெயில் படும் இடம், ஈரம் காயாத மண் போதும். தை பிறப்பதற்குள் அறுக்கலாம். இலையில் ஓட்டை தெரிந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

100 கிராம் பாக் சாயில் சுமார் 105 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆக்சலேட் குறைவு என்பதால் பாலக்கீரையைவிட இதன் கால்சியம் உடம்பில் நன்றாகச் சேரும். வைட்டமின் சி நிறைய உண்டு. குழைய வேகவிட்டால் பெரும்பகுதி போய்விடும். தண்டை முதலில் வதக்கி, இலையைக் கடைசியில் போட்டு, தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள். அரிசிம்பருப்பு சாதத்துக்கு அருமையான பொரியல்! பூத்த செடியையும் வீசிவிடாதீர்கள், இளம் பூந்தண்டும் ருசிதான்.