கடல்நீர்த் தொட்டியும் மணலின் தூய்மையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது என் தாயார் ஓயாது சொல்லும் பழமொழி. எழுத்தறியாத அவர் எனக்குக் கற்பித்த முதல் பாடம் தூய்மையே. அப்பாடத்தை இடமறியாது கையாண்டு இரண்டு உயிர்களை இழந்தேன். அதனால் நான் கற்றதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்றடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. பவளப்பாறைச் சூழலை மாணவர் அறிவதற்காக அமைக்கப்பட்டது. ஆயினும் அதில் உயிருள்ள பவளம் இல்லை. 2001ஆம் ஆண்டு முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அதைக் கடலிலிருந்து எடுப்பது குற்றமாகும். செயற்கைப் பாறை, கடையில் வாங்கிய சுண்ணாம்பு மணல், வளர்ப்பகத்தில் பொரித்த ஐந்து கோமாளி மீன்கள், சில நத்தைகள் ஆகியவையே தொட்டியில் இருந்தன.

சென்ற ஆண்டு துறைக் கண்காட்சிக்கு முன் தொட்டியைப் பேணும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. மணல்மேல் பழுப்புப் படலம் படர்ந்திருக்கக் கண்டேன். மணல் முழுவதையும் வாளியில் அள்ளி, குழாய்த் தண்ணீரில் பலமுறை அலசி, வெள்ளை வெளேரென்று ஆக்கி மீண்டும் இட்டேன். கண்டவர் அனைவரும் பாராட்டினர். மூன்றாம் நாள் காலையில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன. மாலைக்குள் இரண்டு மடிந்தன.

பேராசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நீரைச் சோதித்துப் பார்” என்று மட்டும் சொன்னார். சோதனையில் அம்மோனியா மிகுந்திருந்தது.

காரணம் என்ன? மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அம்மோனியாவாகின்றன. மணல் துகள்களிலும் பாறையிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டோ அத்துணைக் கொடியதன்று. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினும், உப்பின்மையும், என் கைகளும் சேர்ந்து அந்த நுண்ணுயிர்களை அழித்துவிட்டன. பாறையில் எஞ்சியவை போதவில்லை. நான் கழுவிக் கொட்டியது அழுக்கை அன்று, துப்புரவுப் பணியாளர்களை!

மணலின் ஆழத்திலும் வேலை நடக்கிறது. பிராணவாயு எட்டாத அடியடுக்கில் வேறுவகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இந்த இயல்பைப் பயன்படுத்தி 1980களில் மொனாக்கோவில் ழான் ஜோபேர் என்னும் அறிஞர் பவளத் தொட்டிகளை அமைத்துக் காட்டினார். அந்த அடுக்கைத் திடீரெனக் கிளறினால், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிப்பட்டு மீன்களைக் கொல்லவும் கூடும்.

அப்படியானால் தூய்மையே வேண்டாவா? வேண்டும், முறை அறிந்து செய்ய வேண்டும். புதிய மணலைத் தூசு போக அலசியே இடவேண்டும். உயிர் குடியேறிய பின்னர் அதை முழுவதும் வெளியே எடுக்கலாகாது. அகன்ற வாயுள்ள குழாயால் மேல்மணலின் கசடை மட்டும் உறிஞ்சி எடுக்கவேண்டும்; அதுவும் ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்கே. எடுத்த நீருக்கு ஈடாக, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்பு கலந்த, குளோரின் இல்லாத நீரை ஊற்றவேண்டும். பழுப்புப் படலம் டயாட்டம் என்னும் நுண்பாசி. புதிய தொட்டிகளில் அது தோன்றிப் பெரும்பாலும் தானே மறையும். செந்நிற வழுவழுப்புப் படலமோ மிகுந்த உணவுக்கும் மந்தமான நீரோட்டத்துக்கும் அறிகுறி. அதற்கு மருந்து, தீனியைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுவதே.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது தந்தையாரிடம் இதைச் சொன்னேன். அவர் இளமையில் மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை எடுக்கக் குளித்தவர். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஏன்மா, அட்டை கிடக்கிற இடத்துல மணலு அரிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். அது மண்ணத் தின்னு மண்ணாவே கழியும். கடலை யாரும்மா வாளியில அள்ளிக் கழுவுறாங்க?”

அவர் சொன்னது முற்றிலும் அறிவியல். கடல் அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள மட்கும் பொருளைச் செரித்து, எஞ்சிய மணலை வெளியேற்றுகிறது. 1881இல் டார்வின் மண்புழுவுக்கென ஒரு தனி நூலே எழுதினார். நிலத்துக்கு மண்புழு எப்படியோ, கடலடி மணலுக்குக் கடல் அட்டை அப்படி.

2001இல் கடல் அட்டையும் அதே அட்டவணையில் சேர்க்கப்பட்டது. தந்தையார் தொழில் இழந்தார். அந்நாளில் அடுப்பு எரியாத பொழுதுகளைத் தாயார் சொல்லக் கேட்டு, அச்சட்டத்தின்மீது எனக்கு நெடுநாள் மனக்கசப்பு இருந்தது. துப்புரவு செய்யும் உயிரை இழந்த மணல் என்னவாகும் என்பதை ஒரு மூன்றடித் தொட்டியில் கண்ட பின்னர், சட்டத்தின் நியாயம் விளங்கிற்று. எங்கள் வீட்டார் பட்ட துன்பமும் பொய்யன்று. இரண்டையும் இன்று ஒருங்கே எண்ணிப் பார்க்கிறேன்.

நாள்தோறும் சிறிது நீரை மாற்றி, எஞ்சிய மூன்று மீன்களையும் காப்பாற்றினோம். ஆறு வாரங்களில் அம்மோனியா மறைந்தது. மணலில் இப்போது சிறிது பழுப்பு உண்டு. நத்தைகள் அதன்மேல் கோடு கிழித்துச் செல்கின்றன. ஆய்வுக்கூடத்துக்கு வரும் நண்பர்கள் அதைக் கண்டு, “கழுவக்கூடாதா?” என்று கேட்டால், தயவுசெய்து வாளியைத் தேடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.