மேலாளர் பதவி, முகவர் வருமானம்

விற்பனை மேலாளர் வேலை என்று நம்பிப் போய், அடிப்படைச் சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும்தான் என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் முதலில் தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள். பேச்சு போதவில்லை, மாண்டரின் தெரியவில்லை, வயது கூடிவிட்டது என்று காரணம் தேடுகிறார்கள். பினாங்கின் ஜெலுத்தோங்கில் கடைவீட்டு மேல்மாடி அலுவலகமோ, பாயான் லெப்பாஸில் பெரிய கட்டடமோ, எங்கே போய் வந்திருந்தாலும் நிறுவனம் கொடுக்க வந்த வேலை என்ன என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். மேலாளர் என்றால் அவருக்குக் கீழே ஒரு குழு இருக்கும். ஒரு வட்டாரமும் இலக்கும் இருக்கும். தள்ளுபடி கொடுக்க ஓரளவாவது அதிகாரம் இருக்கும். ஆளையும் அவரே சேர்த்து, பெட்ரோலும் அவரே போட்டு, விற்றால்தான் காசு என்றால் அது முகவர் வேலை. அதில் தேறாததற்கு வருந்த ஒன்றுமில்லை.

கிடைப்பது எந்த வேலை என்று கண்டுபிடிக்க மலேசியாவில் ஒரே கேள்வி போதும்: இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எந்தத் தொகைக்குக் கட்டுவீர்கள்? 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டப்படி கமிஷனும் ஊதியம்தான். பயணப்படி அதில் சேராது. அடிப்படைச் சம்பளம் 2,000 ரிங்கிட், கமிஷன் 2,500 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 ரிங்கிட் வரை முதலாளியின் பங்கு 13 விழுக்காடு என்பதால் ஏறக்குறைய 585 ரிங்கிட் கட்ட வேண்டும். அடிப்படைக்கு மட்டும் கட்டினால் அது 260 ஆகிவிடும். மாதாமாதம் 325 ரிங்கிட் நம் முதுமைக் காலத்துப் பணத்திலிருந்து போகிறது. முகவருக்கோ முதலாளி பங்கே இல்லை. வேலை கொடுக்க நினைப்பவர் இதற்கு உடனே பதில் சொல்வார். மழுப்பினால் அதுவும் பதில்தான்.

முதல் சந்திப்பிலேயே பணத்தைப் பற்றிக் கேட்டால் பேராசைக்காரர் என்று நினைக்கமாட்டார்களா என்பார்கள். வாடிக்கையாளரிடம் கடன் தவணையைக் கூச்சமில்லாமல் பேசத்தான் மேலாளரை எடுக்கிறார்கள். தன் ஊதியத்தையே கேட்கத் தயங்குபவர் அதை எப்படிச் செய்வார்? முகவராக நன்றாகச் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது நியாயமான பேச்சு. அப்படியானால் விளம்பரத்திலேயே முகவர் என்று போடட்டும். வீட்டு வாடகையும் மோட்டார் கடனும் கழுத்தை நெரிக்கும்போது தேர்ந்தெடுக்க முடியுமா என்ற கேள்விதான் கனமானது. முடியாதுதான், அந்த நிலையில் சேரலாம். ஆனால் வேலை நேரத்தையும் செய்யும் விதத்தையும் நிறுவனம் தீர்மானித்ததைக் காட்டும் செய்திகளையும் பணம் வந்த விவரங்களையும் பத்திரப்படுத்த வேண்டும். வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள 101சி பிரிவு, எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது இத்தகைய அடையாளங்களை வைத்து ஒருவரைத் தொழிலாளி என்று அனுமானிக்க இடம் தருகிறது. ஏற்கெனவே வேறு வேலையில் இருப்பவர், அடிப்படைச் சம்பளம், கமிஷன் கணக்கு, இபிஎஃப் மூன்றும் எழுதிய கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா கொடுக்கக் கூடாது.