உயிர் காக்கும் பட்டியல்

நுழையும்முன்

நலம் நாடிச் செல்லும் மருத்துவமனையிலும் தவறு நேர்வதுண்டு. அறியாமையால் நேரும் தவற்றைக் கல்வி நீக்கும். கற்றுத் தேர்ந்தவரிடம் மறதியால் நேரும் தவற்றை நீக்குவது எது? அவ்வினாவிற்கு மருத்துவ உலகம் கண்ட விடையொன்றை இப்பாடம் விளக்குகிறது.

வானூர்தி தந்த பாடம்

1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நான்கு எந்திரங்கள் கொண்ட புதிய போயிங் வானூர்தி ஒன்று சோதனைக்காகப் புறப்பட்டது. மேலெழுந்த சிறிது நேரத்தில் விழுந்து தீப்பற்றியது. இருவர் உயிரிழந்தனர். எந்திரத்தில் பழுதில்லை, தரையில் நிற்கும்போது வால்பகுதி காற்றில் அசையாதிருக்க இடப்பட்ட பூட்டு, புறப்படுமுன் விடுவிக்கப்படவில்லை. ஓட்டியவரோ தேர்ந்த வானோடி. அவரிடம் திறன் குறையவில்லை. நினைவில் நிறுத்த வேண்டிய செயல்களே மிகுந்திருந்தன. அதன்பின் வானோடிகள், செய்ய வேண்டியவற்றைச் சிறு பட்டியலாக எழுதி ஒவ்வொரு முறையும் சரிபார்க்கலாயினர்.

செவிலியரின் குரல்

மருத்துவமும் அவ்வாறே பல நூறு செயல்களின் தொகுப்பாக வளர்ந்துள்ளது. அமெரிக்க மருத்துவமனைகளில் தடுக்கக்கூடிய தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக 1999இல் வெளிவந்த அறிக்கை ஒன்று மதிப்பிட்டது.

2001இல் பால்டிமோர் நகரின் ஜான்சு ஆப்கின்சு மருத்துவமனையில் பீட்டர் புரோனோவோசுட் என்னும் மருத்துவர், நோயாளியின் பெரிய இரத்தக் குழாயில் செருகப்படும் குழாய்வழிப் பரவும் தொற்றைத் தடுக்க ஐந்து செயல்களைப் பட்டியலிட்டார். கைகளைக் கழுவுதல், தோலைக் கிருமிநீக்கியால் துடைத்தல், நோயாளியின் உடலைத் தூய துணியால் போர்த்துதல், முகக்கவசமும் கையுறையும் அணிதல், செருகிய இடத்தைத் தூய கட்டால் மூடுதல் என்பன அவை. இவற்றை அறியாத மருத்துவர் எவருமிலர். எனினும் விடுபடல்கள் நேர்ந்தன. ஒன்றை விடுத்தாலும் மருத்துவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை செவிலியர்க்கு வழங்கப்பட்டது. அங்கு அத்தொற்று ஏறத்தாழ மறைந்தது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து மருந்தளிப்பவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக வைத்தவர் வள்ளுவர் என்பது இங்கு எண்ணத்தக்கது.

மூன்று நிறுத்தங்கள்

2008இல் உலக நலவாழ்வு நிறுவனம், அதுல் கவாண்டே என்னும் அறுவை மருத்துவர் தலைமையில் உருவான அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. 19 கூறுகளைக் கொண்ட அப்பட்டியல், மருத்துவக் குழுவை மூன்று இடங்களில் நின்று பேசச் செய்கிறது. மயக்க மருந்து அளிக்குமுன், நோயாளி யார், அறுவை எந்தப் பக்கத்தில், எம்மருந்து அவருக்கு ஒவ்வாது என்பன உறுதிசெய்யப்படும். தோலைக் கீறுமுன், குழுவினர் தம் பெயரையும் பணியையும் கூறிக்கொள்வர். நோயாளி அறுவை அரங்கைவிட்டு வெளியேறுமுன், கருவிகளும் பஞ்சும் ஊசிகளும் எண்ணப்படும்.

புதுதில்லி, இலண்டன், மணிலா உள்ளிட்ட எட்டு நகர மருத்துவமனைகளில் இப்பட்டியல் ஆராயப்பட்டது. இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், கடுஞ்சிக்கல்கள் 11இலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்தன.

தாளும் மனமும்

ஆயினும், கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், பட்டியலைப் புகுத்தியபின் இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. கட்டங்களில் குறியிடுவது எளிது. ஒருவர் சொல்வதை மற்றவர் செவிமடுப்பதே அரிது. இளைய செவிலியர் ‘பொறுங்கள்’ என்றதும் மூத்த மருத்துவர் கத்தியைக் கீழே வைக்கும் பண்பு உள்ள இடத்தில்தான் பட்டியல் உயிர்பெறும். தவற்றுக்கு ஆளைத் தேடித் தண்டிப்பதோடு நின்றுவிட்டால், அடுத்த தவறு மறைக்கப்படும். காரணத்தைத் தேடித் திருத்தினால், அடுத்த உயிர் காக்கப்படும்.

தெரியுமா?

2019 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் 17 உலக நோயாளி பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் சோதனையைத் தொடங்குமுன் சரிபார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிடுக.
2. ‘தவற்றைச் சுட்டுவோரும் உயிர் காப்போரே’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.