தண்ணீர் தெளிவா இருந்தா போதுமா?

தொழில் பாடம்: கடல் வண்ண மீன் வளர்ப்பு



மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியுள்ளது. குஞ்சுகளை வாங்கி, வீட்டில் சின்னத் தொட்டியில் வளர்த்து விற்கலாம் என்று கடலோர உறுப்பினர்கள் பலருக்கும் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் கடன் வாங்குவதற்கு முன் ஒரு பாடம் படித்துவிடுவோம்.

ஒரு உறுப்பினர் கடன் வாங்கி 100 லிட்டர் தொட்டி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று தொட்டி, நாளை கடல் தண்ணீர், மறுநாளே இருபது மீன். ஒரே வாரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அப்புறம் ஒவ்வொன்றாகச் சாகின்றன. "தண்ணி பளிங்கு மாதிரி இருக்குதேக்கா, மீன் ஏன் செத்துச்சு?" என்று கேட்பார். மீன் போச்சு, தவணை மட்டும் நிற்கும்.

காரணம் என்ன?

மீனின் கழிவு, மிச்சத் தீனி, செத்த மீன் எல்லாவற்றிலிருந்தும் அம்மோனியா வருகிறது. இது கண்ணுக்குத் தெரியாது. மீனின் செவுளைப் புண்ணாக்கும். தண்ணீரின் பி.ஹெச். கூடக் கூட அம்மோனியாவின் விஷமும் கூடும். கடல் தண்ணீரின் பி.ஹெச். 8-க்கு மேல் இருப்பதால், உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கூடுதல் கவனம் வேண்டும்.

கடவுள் கொடுத்த உதவி ஒன்று உண்டு. மணலிலும் ஃபில்டரிலும் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டால் ஆபத்து குறைவு. தண்ணீர் மாற்றினால் அதுவும் குறையும். ஆனால் பாலுக்கு உறை ஊற்றிக் காத்திருப்பது போல, இந்தப் பாக்டீரியா வளரவும் காத்திருக்க வேண்டும். 4 முதல் 6 வாரம் ஆகும்.

என்ன செய்யணும்?

1. மீன் விடாமல் தொட்டியை ஓட்டுங்கள். தினம் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் போடுங்கள். நோயில்லாத பழைய தொட்டியின் மணல் ஒரு கைப்பிடி கிடைத்தால் அதுவே உறை.

2. சோதனைக் கிட் வாங்கி 3 நாளுக்கு ஒருமுறை பாருங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். அதுவும் முதலில் இரண்டு, இரண்டு வாரம் கழித்து இன்னும் இரண்டு.

3. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் வேண்டாம். உப்பு மீட்டரில் 1.023 முதல் 1.025 வரை இருக்கட்டும்.

4. வாரம் ஒரு குடம் (சுமார் 15 லிட்டர்) பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, அதே உப்பளவில் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

5. ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

6. பி.ஹெச். 8.0 முதல் 8.4 வரை இருக்க, ஃபில்டரில் கழுவிய சிப்பி ஓடு போடலாம். கடலில் பவளப்பாறை எடுக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

7. கரண்டு போனால் காற்று நின்றுவிடும். மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் காற்று வேண்டும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மீன் திணறினால்

தீனியை உடனே நிறுத்துங்கள். செத்த மீனை எடுங்கள். கால் பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள், காற்றைக் கூட்டுங்கள். சோதிக்காமல் மருந்து ஊற்றாதீர்கள். சில மருந்துகள் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும்.

குழுவில் பேச வேண்டியது

முதல் மாதம் தொட்டியில் மீனே இருக்காது. வளர்ந்து விற்கவும் சில மாதம் ஆகும். அப்படியிருக்க அடுத்த மாதமே தவணை கட்டச் சொன்னால், அவசரப்பட்டு மீனை விடத் தோன்றும். அதனால் இந்தத் தொழிலுக்குக் கடன் கொடுக்கும்போதே முதல் தவணையைச் சில மாதம் தள்ளி வைப்பதைக் குழுவில் பேசித் தீர்மானம் எழுதுங்கள். சோதனைக் கிட்டுக்கும் கடனிலேயே பணம் ஒதுக்குங்கள்.

பொறுமையும் ஒரு முதலீடுதான், சகோதரிகளே!